ஏழே வாரத்தில் விரிசல் விட்ட புதுச் சைக்கிள்: பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பிறையில் தொழிற்சாலை வேலை, கணவர் லாரி ஓட்டுநர். நான்காம் படிவம் படிக்கும் மகன் பள்ளிக்கும் டியூஷனுக்கும் போய்வர, பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் கியர் வைத்த மௌண்டன் பைக் ஒன்றை 1,450 ரிங்கிட்டுக்கு வாங்கினார்கள். அதில் 400 ரிங்கிட் மகன் தீபாவளி அங்பாவ் (அன்பளிப்பு) பணத்தில் சேர்த்து வைத்தது.

முதல் வாரத்திலேயே கியர் நழுவியது. கடையில் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் பின்சக்கரம் ஆடியது, அதையும் சரிசெய்தார்கள். ஏழாவது வாரம் சைக்கிளைக் கழுவும்போது, ஹேண்டில் செருகியிருக்கும் குழாயும் கீழ்க்குழாயும் சேருகிற வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்திருக்கிறது. நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறதாம். ஃபெரியில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் ஒன்பது நாள் வைத்திருந்துவிட்டு, "இது கம்பெனி வாரண்டி, எங்களுக்குச் சம்பந்தமில்லை. கோலாலம்பூரிலிருந்து ஃபிரேம் வர மூன்று மாதம் ஆகும், மாற்றுக் கூலி 250 ரிங்கிட்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். வற்புறுத்தியபோது, வேறு சைக்கிள் எடுத்தால் 700 ரிங்கிட் கழித்துக்கொள்வதாகச் சொன்னாராம். பணம் திரும்பக் கேட்டதற்கு, ரசீதின் அடியில் அச்சடித்திருக்கும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரியைக் காட்டினாராம். பையன் லாஜாக் (பிரேக்கைக் கழற்றிய சைக்கிளில் மேலே படுத்தபடி வேகமாகப் போவது) ஓட்டியிருப்பான் என்றும் கடைக்காரரின் ஒரு பேச்சு.

"கையெழுத்துப் போட்டு வாங்கிய ரசீது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் கணவர். பிறையில் வெல்டிங் கடை வைத்திருக்கும் கொழுந்தனார் ஒரு மணி நேரத்தில் ஒட்டித் தருகிறேன் என்கிறார். ஃபேஸ்புக்கில் கடையின் படத்தைப் போடலாமா, போலீசுக்குப் போகலாமா என்றும் யோசிக்கிறேன். மகன் இப்போது மெதுவாகத்தான் ஓட்டுகிறான்" என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்தக் கடைசி வரிதான். பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். மகன் அந்தச் சைக்கிளில் ஏறுவதை இன்றோடு நிறுத்துங்கள். மெதுவாக ஓட்டினாலும் வேண்டாம்.

நீங்கள் சொல்லும் இடம் சைக்கிளிலேயே அதிகச் சுமை தாங்கும் இடங்களில் ஒன்று. பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் முன்சக்கரத்தின் அதிர்ச்சி முழுவதும் அங்கேதான் போய்ச் சேரும். அலுமினியத்தில் விழுந்த விரிசல் ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். வெளியே பெரிதாக எதுவும் தெரியாது, ஒரு நாள் குழாய் சட்டென்று விட்டுவிடும். விட்டால் முன்சக்கரம் மடங்கி, ஓட்டுபவர் முகம் தரையில் மோதும்படி விழுவார். கோடு வளருகிறதா என்று பார்க்கக்கூட ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

கொழுந்தனார் அன்போடுதான் சொல்கிறார், ஆனால் வெல்டிங் வேண்டவே வேண்டாம். அலுமினிய ஃபிரேம்கள் பெரும்பாலும் 6061 என்ற எண்ணுள்ள அலுமினிய உலோகக் கலவை போன்றவற்றில் செய்யப்பட்டு, வெல்டிங் முடிந்தபின் சூளையில் வெப்பப் பதம் கொடுக்கப்படுகின்றன. பட்டறையில் மறுபடி சூடு வைத்தால் சுற்றியுள்ள உலோகம் அந்தப் பதத்தை இழந்து மென்மையாகிவிடும். ஒட்டு பார்ப்பதற்கு உறுதியாக இருக்கும், பக்கத்தில் உடையும். வழக்கறிஞராக எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. நீங்கள் கைவைத்த மறுநிமிடம், கடை சொல்லப்போகும் முதல் பதில் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்பதாக இருக்கும். உங்கள் கையில் இருக்கும் ஒரே பெரிய சாட்சி அந்த விரிசல். அதை அப்படியே விட்டு வையுங்கள்.

சின்னக் கோளாறு வேறு, இது வேறு

உங்கள் கடிதத்தில் மூன்று கோளாறுகளும் ஒரே கோபத்தில் கலந்திருக்கின்றன. பிரித்துப் பார்க்க வேண்டும். புதுச் சைக்கிளில் கியர் கேபிள் முதல் சில வாரங்களில் படிந்து தளர்வது வழக்கம். சக்கரக் கம்பிகளும் அப்படித்தான். ஒருமுறை முறுக்கிவிட்டால் சரியாகும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 41வது பிரிவும் இப்படிச் சரிசெய்யக்கூடிய குறைகளுக்கு, நியாயமான காலத்துக்குள் சரிசெய்து தரும்படி கேட்கும் உரிமையைத்தான் முதலில் கொடுக்கிறது. கடைக்காரர் இரண்டு முறையும் காசு வாங்காமல் செய்து கொடுத்தார். அந்த இரண்டுக்காக மட்டும் நீங்கள் பணத்தைத் திரும்பக் கேட்டிருந்தால், நான் உங்கள் பக்கம் நின்றிருக்க மாட்டேன்.

விரிசல் அப்படியல்ல. அதே சட்டத்தின் 32வது பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்பாக இருப்பதும் நீடித்து உழைப்பதும் அந்தத் தரத்துக்குள் அடக்கம். விலையையும் பார்ப்பார்கள். 300 ரிங்கிட் சைக்கிளிடம் எதிர்பார்ப்பதைவிட 1,450 ரிங்கிட் சைக்கிளிடம் அதிகம் எதிர்பார்க்கலாம். ஆனால் எந்த விலையில் வாங்கினாலும் ஏழு வாரத்தில் ஃபிரேம் விரிசல் விடுவதை யாரும் ஏற்க முடியாது. 44வது பிரிவு, குறை எப்போது பெரிய குறையாகிறது என்று சொல்கிறது. குறையை முழுதாக அறிந்த ஒரு நியாயமான வாங்குபவர் அந்தப் பொருளை வாங்கியிருக்கவே மாட்டார் என்றால் அது பெரிய குறை. பொருள் பாதுகாப்பற்றது என்றாலும் பெரிய குறை. பெரிய குறையென்றால் ரிப்பேருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பொருளையே நிராகரிக்கலாம்.

நிராகரித்தால், கொடுத்த பணமா அல்லது அதே வகையில் ஏறக்குறைய அதே மதிப்புள்ள வேறு சைக்கிளா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், கடைக்காரர் அல்ல. மாற்று சைக்கிள் அவர் கையிருப்பில் இருந்தால்தான் கேட்க முடியும். பணம் என்றால் பணமாகவே வர வேண்டும். அவர் கடையில் வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொல்வது பணத்தைத் திருப்பிக் கொடுத்ததாகாது. 700 ரிங்கிட் கழிவு என்பது சட்டத்தின்படி உங்களுக்கு வர வேண்டியது அல்ல. பாதி மதிப்பை உங்களை விட்டுக்கொடுக்கச் சொல்லும் ஒரு பேரம், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. அது உண்மையிலேயே விரிசல்தானா, பெயிண்ட் மட்டும் வெடித்திருக்கிறதா என்பது முதலில் உறுதியாக வேண்டும். வெல்டிங் ஓரத்தில் பெயிண்ட் வெடிப்பதும் உண்டு. அந்தக் கடையோடு தொடர்பில்லாத வேறொரு சைக்கிள் மெக்கானிக்கிடம் காட்டி, அவர் பார்த்ததை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கடை முத்திரையோடு வாங்குங்கள். சின்னத் தொகை கேட்டால் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பெயிண்ட் மட்டும்தான் என்று அவர் சொன்னால், நான் எழுதியதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் வண்டியை நிம்மதியாக ஓட்டலாம்.

ரசீதின் அடியில் உள்ள வரி

கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அந்த வரி உங்களைக் கட்டாது. சட்டத்தின் 6வது பிரிவு, இந்த உரிமைகளை எந்த ஒப்பந்தத்தாலும் எழுதித் தள்ளிவிட முடியாது என்று தெளிவாகச் சொல்கிறது. அப்படித் தள்ள முயல்வதே குற்றம் என்றும் சொல்கிறது. ரசீதில் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான்.

ஆனால் அந்த வரிக்கு வேலையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நிறம் பிடிக்கவில்லை, பக்கத்துக் கடையில் விலை குறைவு, மகன் மனம் மாறிவிட்டான் என்று திருப்பினால், வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் கடைக்கு இல்லை. எந்தப் பொருளையும் ஏழு நாளுக்குள் திருப்பலாம் என்று பலர் நம்புகிறார்கள். இணைய விற்பனைத் தளங்கள் சில தாமாகவே கொடுக்கும் சலுகை அது. கடையில் நேரில் வாங்கியதற்கு அப்படியொரு பொது விதி இல்லை. பொருளில் குறை இருப்பதால்தான் உங்களுக்கு இந்த உரிமை.

"கம்பெனி வாரண்டி, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்பதும் தவறு. நீங்கள் காசு கொடுத்தது அந்தக் கடைக்கு. தரத்துக்குப் பொறுப்பு விற்றவருக்கு உண்டு. தயாரிப்பாளர் கொடுக்கும் வாரண்டி அதற்கு மேல் கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு, விற்றவரின் பொறுப்புக்கு அது மாற்று ஆகாது. கோலாலம்பூர் விநியோகஸ்தரிடம் பேசிப் பணத்தை ஈடுகட்டிக்கொள்வது கடைக்காரரின் வேலை.

லாஜாக் என்ற குற்றச்சாட்டு

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடையின் மிகப் பலமான வாதம் இதுவாகத்தான் இருக்கும். 2017இல் ஜொகூர் பாருவில் லாஜாக் ஓட்டிய எட்டுப் பிள்ளைகள் கார் மோதி இறந்ததிலிருந்து பதின்ம வயதுப் பையன், சைக்கிள் என்றாலே பலருக்கு அந்த நினைவு வந்துவிடுகிறது. சட்டமும் இதற்கு இடம் வைத்திருக்கிறது. நியாயமான ஒருவர் பயன்படுத்தாத விதத்தில் பொருளைப் பயன்படுத்தியிருந்து, அப்படிப் பயன்படுத்தாமல் இருந்தால் பொருள் நன்றாக இருந்திருக்கும் என்றால், தரக்குறைவு என்று கேட்க முடியாது. இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

லாஜாக் சைக்கிள் என்றால் பார்த்தாலே தெரியும். பிரேக்கைக் கழற்றியிருப்பார்கள், சீட்டை இறக்கியிருப்பார்கள், ஹேண்டிலை மாற்றியிருப்பார்கள், மேலே படுத்து ஓட்டுவதற்காக. உங்கள் மகனின் சைக்கிளில் இரண்டு பிரேக்கும் இருக்கின்றன, சீட் கடையில் வைத்த உயரத்திலேயே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதையெல்லாம் இன்றே படம் எடுத்துவிடுங்கள். டயர், ரிம், பெடலின் நுனி, ஹேண்டில் முனை ஆகியவற்றையும் எடுங்கள். விழுந்தோ தாவியோ அடிபட்ட வண்டியில் அந்த இடங்களில் தேய்ப்பும் நெளிவும் இருக்கும்.

இன்னொன்று. பின்கேரியரில் தங்கையை இரண்டு முறை ஏற்றிப் போனான், இதைச் சொல்லலாமா கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். பின்பக்கச் சுமையும் முன்பக்க விரிசலும் ஒன்றுக்கொன்று சம்பந்தப்பட்டவை என்று காட்ட வேண்டியது அவர்கள். நீங்கள் மறைத்து, பிறகு யாராவது எடுத்துச் சொன்னால், உங்கள் மற்ற பேச்சும் நம்பிக்கை இழக்கும்.

கடைக்கு எழுதுங்கள், இந்த வாரத்திலேயே

இதுவரை எல்லாம் வாய்ப்பேச்சாகவே நடந்திருக்கிறது. நிராகரிக்கும் உரிமையை நியாயமான காலத்துக்குள் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் இழக்க நேரிடும். அந்தக் காலத்தைக் கணக்கிடும்போது, இப்படிப்பட்ட பொருளில் இந்தக் குறை வெளியே தெரியவர எவ்வளவு நாள் ஆகும் என்று பார்ப்பார்கள். ஏழாவது வாரத்தில் கண்டுபிடித்து உடனே கடைக்குப் போன நீங்கள் தாமதித்தவர் இல்லை. ஆனால் இப்போது "சரி, ஃபிரேம் வரட்டும்" என்று மூன்று மாதம் காத்திருந்து, பிறகு பணம் வேண்டும் என்றால் வழக்கு குழம்பிப்போகும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும், ஒரு பக்கம் போதும். வாங்கிய தேதி, விலை, மாடல், பெடல் அச்சுக்கு அடியில் ஃபிரேமில் பொறித்திருக்கும் எண், மூன்று கோளாறுகளும் தெரியவந்த தேதிகள், கடை ஒன்பது நாள் வைத்திருந்தது, மெக்கானிக் எழுதித் தந்தது. இவற்றுக்குப் பிறகு இரண்டு விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: 'சைக்கிள் பாதுகாப்பற்றதாக இருப்பதால் அதை நிராகரிக்கிறேன்', 'கொடுத்த 1,450 ரிங்கிட்டைப் 14 நாளுக்குள் திருப்பித் தரவும்'. பதினான்கு நாள் என்பது சட்டத்தில் உள்ள கெடு அல்ல, நாம் கொடுக்கும் நியாயமான அவகாசம். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதே கடிதத்தைப் படம் எடுத்துக் கடையின் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பி வையுங்கள்.

திட்டி எழுத வேண்டாம். அந்தக் கடிதத்தை நாளைக்கு ஒரு மூன்றாவது ஆள் படிக்கப்போகிறார்.

அசல் ரசீது மழையில் நனைந்து மங்கிவிட்டது என்று பயப்படுகிறீர்கள். டூயிட்நௌ கியூஆர் வழியாகப் பணம் கட்டிய பதிவு வங்கிச் செயலியில் இருக்கும், அதை இறக்கி வையுங்கள். கடையோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். அட்டைப்பெட்டி இல்லை என்பது ஒரு பிரச்சினையே இல்லை.

சைக்கிளைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கட்டத்தில், படங்களும் மெக்கானிக்கின் தாளும் கையில் இருந்தால் மட்டும் கொடுங்கள். ஃபிரேம் எண்ணைக் குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டோம் என்று எழுதி வாங்குங்கள். கொண்டுபோகப் பெரும் செலவாகும் பொருளென்றால் விற்றவரே தம் செலவில் வந்து எடுக்க வேண்டும் என்று சட்டத்தில் உண்டு. ஆனால் ஃபெரியில் ஏற்கெனவே கொண்டுபோன நீங்கள் அதைச் சொல்லிப் பிடிவாதம் பிடிப்பது சரியாக வராது.

கடை இறங்கி வரவில்லை என்றால்

அடுத்த இடம் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம். பினாங்கிலும் அதற்குக் கிளை உண்டு, இணையம் வழியாகவும் மனு கொடுக்கலாம். படிவம் 1, கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையுள்ள கோரிக்கைகளை அங்கே விசாரிப்பார்கள், மூன்று ஆண்டுக்குள் கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது. கடைக்காரர் பெரிய வக்கீலைக் கூட்டி வருவார் என்ற உங்கள் பயத்துக்கு இடமே இல்லை, நானும்கூட உங்களுக்காக அங்கே நின்று பேச முடியாது. பொதுவாக முதலில் இரு தரப்பையும் சமரசம் பேச வைப்பார்கள், ஒத்துவராவிட்டால் விசாரித்துத் தீர்ப்பளிப்பார்கள். தீர்ப்பு வந்து 14 நாளாகியும் கடை அதன்படி நடக்காவிட்டால் அது குற்றவியல் குற்றமாகிவிடும்.

மனுவில் நீங்கள்தான் மனுதாரர், மகன் அல்ல, ஏனென்றால் வாங்கியது நீங்கள். எதிர்த்தரப்பின் பெயரை ஜாக்கிரதையாக எழுதுங்கள். பலகையில் இருக்கும் கடைப்பெயர் ஒன்றாகவும், பதிவான நிறுவனத்தின் பெயர் வேறாகவும் இருக்கலாம். ரசீதின் தலைப்பில் உள்ள பதிவு எண்ணைப் பாருங்கள், மங்கியிருந்தால் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். பெயர் தவறினால் வீண் அலைச்சல்.

விலையோடு சேர்த்து, சைக்கிள் இல்லாததால் மகனைப் பள்ளிக்கு அனுப்பிய கிராப் வாடகைக் கார் கட்டணத்தையும் மெக்கானிக்குக்குக் கொடுத்ததையும் கேட்கலாம். முன்கூட்டியே எதிர்பார்க்கக்கூடிய நஷ்டம் என்றால் சட்டம் இடம் தருகிறது. ரசீது உள்ளதை மட்டும் கேளுங்கள். மன உளைச்சலுக்கு 5,000 என்று எழுதச் சொல்லி யாராவது தூண்டினால் கேட்காதீர்கள், உண்மையான கோரிக்கையின் கனம் அதனால் குறையும்.

சமரசத்தின்போது கடைக்காரர், ஏழு வாரம் ஓட்டியதற்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டு 1,300 ரிங்கிட் உடனே தருகிறேன் என்றால் என்ன செய்வது? முழுத் தொகையைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நீங்கள் ஷிப்ட் வேலை செய்பவர், ஒரு நாள் விடுப்புக்கு என்ன போகும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். கையில் உடனே வரும் 1,300 எனக்கு மோசமாகத் தெரியவில்லை. 700 ரிங்கிட் கழிவுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கடிதம் எழுதக் கை நடுங்கினால், ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட புகார்களைக் கையாள்பவர்கள். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 எண்ணிலும் புகார் செய்யலாம். 'திரும்பப் பெறப்படாது' என்ற ரசீது வரியைப் பற்றிச் சொல்ல அதுவே சரியான இடம்.

போலீஸ் வேண்டாம். விற்ற பொருளில் குறை இருப்பது தனிப்பட்ட உரிமை விவகாரம், அது மோசடிக் குற்றமாகிவிடாது. ஃபேஸ்புக்கும் இப்போது வேண்டாம். கடையின் படத்தைப் போட்டு 'ஏமாற்றுக்காரன்' என்று எழுதினால், நீங்கள் கேட்க வேண்டிய இடத்தில் அவர் உங்கள்மேல் அவதூறு வழக்குப் போடும் நிலை வந்துவிடும்.

மகனைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் சேர்த்த பணம் போய்விட்டதே என்று கவலைப்பட்டு, அவனிடம் எதையும் சொல்லாமல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சொல்லிவிடுங்கள். வண்டியை ஏன் நிறுத்தச் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் ஷிப்ட்டில் இருக்கும்போது எடுத்துக்கொண்டு போய்விடுவான். கடைக்கு எழுதும் கடிதத்தையும் அவனை வைத்தே எழுதுங்கள். அவனுடைய மலாய் உங்களுடையதைவிட நன்றாக இருக்கும். எந்த நாளில் கியர் நழுவியது, எந்த நாளில் சக்கரம் ஆடியது என்பதும் அவனுக்குத்தான் சரியாக நினைவிருக்கும்.